சர்ச்சின் அடித்தளத்தில் ஆரம்பித்த பள்ளிக்கூடம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றல் கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு பள்ளிக்கூடத்துக் கதை: அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் டன்பார் உயர்நிலைப் பள்ளி.

1870. அடிமை முறை ஒழிந்து ஐந்தே வருஷம். ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் வகுப்பு ஆரம்பித்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று அந்த நாட்டில் வந்த முதல் அரசு உயர்நிலைப் பள்ளி அதுதான். 1891இல் எம் ஸ்ட்ரீட்டில் சொந்தக் கட்டடம். 1916இல் அதைவிடப் பெரியதாக ஒன்று கட்டி, கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பேரை வைத்தார்கள்.

பாடம் நடத்தியவர்களைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். ஹார்வர்ட் கல்லூரியில் இளநிலைப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவரான ரிச்சர்ட் கிரீனர் இங்கே தலைமையாசிரியர். வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் இங்கே வாத்தியார். இவ்வளவு படித்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை? வெள்ளையர் கல்லூரிகள் பெரும்பாலும் அவர்களை வேலைக்குச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தவர் அன்னா ஜூலியா கூப்பர். அடிமையாகப் பிறந்தவர், 1902இல் இங்கே தலைமையாசிரியர் ஆனார். இந்தப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும் என்று பலர் நினைத்த காலம். இந்த அம்மா கேட்கவில்லை. கல்லூரிக்குப் போகிற மாதிரிதான் படிக்க வைத்தார். 1906இல் பதவி போனது. நாலு வருஷம் கழித்து, அதே பள்ளிக்கு லத்தீன் டீச்சராகத் திரும்பி வந்தார்! வேலையையும் பார்த்துக்கொண்டு, உறவுக்காரப் பிள்ளைகள் ஐந்து பேரையும் வளர்த்துக்கொண்டு, 1925இல் பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது வயது 66. நான் ஒரு ஆன்லைன் கோர்ஸை மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

படித்துப் போனவர்களா? ரத்த பிளாஸ்மாவைச் சேமித்து வைக்க வழிசெய்த சார்ல்ஸ் ட்ரூ, அமெரிக்க அமைச்சரவையில் முதல் கறுப்பினத்தவர் ராபர்ட் வீவர், மாசசூசெட்ஸ் செனட்டர் எட்வர்ட் புரூக்... அப்புறம் வக்கீல் சார்ல்ஸ் ஹூஸ்டன். பள்ளிகளில் இனப் பிரிவினையை உடைக்க வருஷக்கணக்கில் வழக்குகளை அடுக்கியவர். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. 1950இல் இறந்துவிட்டார், அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 தீர்ப்பைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு டன்பார் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கான சாதாரணப் பள்ளியாகிவிட்டது. முன்பு ஊர் முழுக்க இருந்து தேடி வருவார்கள். பழைய பெருமை போச்சே என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் வேறு கதவெல்லாம் சாத்தியிருந்ததால்தானே அத்தனை மேதைகள் அந்த ஒரே வகுப்பறைக்குள் வந்து நின்றார்கள்?

1916 கட்டடம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். 2013இல் திறந்த புதுக் கட்டடத்தில், பேர் பெற்ற பழைய மாணவர்களின் பெயர்களைத் தரையில் தகடுகளாகப் பதித்திருக்கிறார்கள். சில தகடுகளில் பெயரே இல்லை. இனி வரப்போகிற பிள்ளைகளுக்காம்.

சரி, ஹூஸ்டனுக்குத் தனியாக ஒரு வீடியோ போட்டே ஆகணும். அடுத்த வாரம் பார்ப்போம்.