ஏக்யூஐ பச்சையாக இருந்தால் காற்றில் உலோகம் இல்லை என்று அர்த்தமா?

சரி, அடுத்த கேள்வி. வடசென்னை மணலி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "செல்போனில் ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு, பல நாள் பச்சையாகத்தான் காட்டுகிறது, ஆனால் காலையில் துடைத்த ஜன்னல் சாயங்காலத்துக்குள் கருத்துவிடுகிறது. காற்றில் ஈயம், ஆர்சனிக் எல்லாம் இருந்தால் அந்த எண்ணில் தெரியாதா? பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கணுமா?"

அந்த எண்ணில் தெரியாதுங்க. மூட்டையைப் பிரிக்காமல் எடை மட்டும் போடுகிற மாதிரிதான் அது. ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் என்று பார்ப்பார்கள், அந்தத் துகள் எதனால் ஆனது என்று பார்ப்பதில்லை. நம் நாட்டு ஏக்யூஐயில் 8 மாசுகள் இருக்கின்றன, அதில் உலோகம் என்று வருவது ஈயம் ஒன்றுதான். அதையும் மணிக்கு மணி அளக்கிற தானியங்கி நிலையங்கள் பொதுவாக அளப்பதில்லை, ஏனென்றால் வடிதாளில் தூசியைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு பாருங்கள். 2009-இல் வந்த தேசிய காற்றுத் தரப்படி ஆர்சனிக்கின் ஆண்டு சராசரி கனமீட்டருக்கு 6 நானோகிராமைத் தாண்டக்கூடாது, நிக்கல் 20-ஐத் தாண்டக்கூடாது. பிஎம் 2.5 என்கிற நுண்துகளுக்கு அதே தரத்தில் ஆண்டு அளவு 40 மைக்ரோகிராம், அதாவது 40,000 நானோகிராம். ஆக ஆர்சனிக் 6-லிருந்து 12 ஆனாலும், சட்டம் சொல்கிற அளவைப் போல இரண்டு மடங்கு ஆனாலும், மொத்த எடையில் அது ஒரு அசைவையும் காட்டாது, பச்சை பச்சையாகவேதான் இருக்கும். காட்மியம், மாங்கனீசு, குரோமியத்துக்கு அந்தத் தரத்தில் வரம்பே கிடையாது என்பதுதான் எனக்கு இன்னும் கோபம் வருகிற விஷயம்.

அப்புறம் அந்த ஜன்னல் தூசி. கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் பெரிய துகள், மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் ஆழம் வரை போவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான், உலோகம் அதிகம் ஒட்டியிருப்பதும் அதில்தான். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரியும்போது அதிலிருக்கிற ஆர்சனிக், ஈயம், செலினியம், காட்மியம் எல்லாம் அந்தச் சூட்டில் ஆவியாகி, புகை ஆறும்போது பறக்கிற சாம்பல் துகள்மேல் போய்ப் படிகின்றன. துகள் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு எடையை ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம், அதனால் படிவதும் அதிகம். புகைபோக்கிக்கு முன்னால் சாம்பலைப் பிடிக்கிற மின்கருவி நன்றாக வேலை செய்தால் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும், ஆனால் தப்பிப் போகிற கொஞ்சத்தில் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவான துகள்தான் அதிகம். சதவீதத்தைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள்.

வடசென்னையில் நிலக்கரி மட்டும் இல்லையே. சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், கண்டெய்னர் லாரிகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். கப்பலும் கொதிகலனும் எரிக்கிற கனமான எண்ணெயில் நிக்கலும் வனேடியமும் வரும், பிரேக் தேய்ந்தால் செம்பு, பழைய பேட்டரியை உருக்கினால் ஈயம். வடிதாளில் எந்த உலோகம் எந்த அளவில் சேர்ந்து வருகிறது என்று பார்த்தால் எங்கிருந்து வருகிறது என்றே ஓரளவு சொல்லிவிடலாம். இந்த அளவீடு ஆலைக்காரர்களுக்கு அசௌகரியமாக இருப்பதும், நமக்கு அவசியமாக இருப்பதும் அதனால்தான்.

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரி உடைக்கிற, உருக்குகிற இடம் இருந்தால், அல்லது வீட்டில் யாராவது அப்படிப்பட்ட வேலைக்குப் போய் அதே சட்டையோடு திரும்பினால், குழந்தைகள் மருத்துவரிடம் சொல்லி நரம்பிலிருந்து எடுக்கிற ரத்த ஈயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடியை வைத்து உலோகம் பார்க்கிறோம் என்று விற்கிறார்களே, அதற்குப் பணம் கொடுக்காதீர்கள், வெளித்தூசி முடியில் ஒட்டியிருந்தாலே எண் ஏறிவிடும். உடம்பிலிருந்து உலோகத்தை இழுக்கிறோம் என்று விற்கிற மருந்துகளை டாக்டர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஆபத்து.

வீட்டில் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள், சாப்பிடும் முன் பிள்ளையின் கையைக் கழுவுங்கள், ஏனென்றால் ஈயம் குழந்தைக்குள் போவது மூச்சைவிட விரல் வழியாகத்தான் அதிகம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், அதனால் கீரை, கேழ்வரகு, முட்டையை விடாதீர்கள். துணி மாஸ்க் நுண்துகளைத் தடுக்காது, என்95 தடுக்கும், ஆனால் ஒரு குழந்தை நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

அதனால் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். மணலி, கத்திவாக்கம், திருவொற்றியூர் நிலையங்களில் ஈயம், நிக்கல், ஆர்சனிக் கடந்த 3 ஆண்டுகளில் எத்தனை நாள் அளக்கப்பட்டது, ஒவ்வொரு நாளின் அளவு என்ன, அளக்கவில்லை என்றால் ஏன் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சராசரி மட்டும் கேட்டால் சராசரிதான் வரும், தேதிவாரியாகக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் சேர்ந்து பார்ப்போம்.