21-க்கு எஸ்டி, 11-க்கு மட்டும் ஏன் டிஎச்?

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: மகன் இங்கிலீஷில் ‘22ஆவது’ என்று எழுத 22-க்குப் பக்கத்தில் டிஎச் (th) போட்டான், டீச்சர் சிவப்பு மையில் சுழித்தார், சரி என்று அடுத்த வாரம் 12-க்கு என்டி (nd) போட்டான், அதற்கும் சுழி, இதற்கு என்னதான் கணக்கு?

பையனைத் திட்டாதீர்கள் அக்கா. மொரீஷியஸில் நம் பிள்ளைகள் காதில் விழும் மற்ற மொழிகள் அப்படி. தமிழில் தனி ஒன்றுக்குத்தான் ‘முதல்’, மற்றதற்கெல்லாம் ‘ஆம்’ ஒட்டினால் முடிந்தது, இருபத்து முதல் நூற்றாண்டு என்று யாராவது சொல்கிறோமா? பிரெஞ்சும் அப்படித்தான், ஒன்றுக்கு மட்டும் பிரமியே, 21 வந்தாலும் வேன்த்தேயூனியெம். இங்கிலீஷில்தான் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் மூன்றும் (செகண்ட் பிரெஞ்சிலிருந்து போன சொல்தான்!) 21, 22, 23, 31 என்று பெரிய எண்களின் வாலிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வாய்விட்டு முழுசாகச் சொல்லிப் பாருங்கள், அந்தச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்தைத்தான் எண்ணோடு போடுகிறோம். ட்வென்டி செகண்ட், முடிவது என், டி. 12 என்பது ட்வெல்ஃப்த், அதில் செகண்ட் எங்கே இருக்கிறது? அதனால் டிஎச். 11, 13 அதே கதை. 111 என்றாலும் இலெவன்த் என்றே முடியும், டிஎச்தான். ஆனால் 121-க்கு எஸ்டி. இது தெரியாமல் என் தங்கையின் 21ஆவது பிறந்தநாளுக்கு நானே துண்டுச் சீட்டில் டிஎச் என்று எழுதிக் கொடுத்தேன், கேக் கடைக்காரர் அதை அப்படியே ரோஸ் கிரீமில் எழுதிவிட்டார், இன்றைக்கும் அந்தப் போட்டோவைக் காட்டிச் சிரிக்கிறாள்.

தேதியில் இன்னொரு சிக்கல். நம் சுதந்திர நாளை 12 மார்ச் 1968 என்று வெறும் எண்ணாக எழுதலாம், தப்பில்லை. வாசிக்கும்போது மட்டும் ‘த ட்வெல்ஃப்த் ஆஃப் மார்ச்’. பிரெஞ்சில் மாதத்தின் முதல் நாளுக்குத்தான் பிரமியே, மற்றதெல்லாம் ‘தூஸ் மார்ஸ்’ மாதிரி வெறும் எண், அந்தப் பழக்கத்தில்தான் நம் ஆட்கள் பலர் ட்வெல்வ் மார்ச் என்கிறார்கள்.

அப்புறம் முழுச் சொல்லாக எழுதும்போது எழுத்துப்பிழை வரும் இடங்கள்: எய்ட்த்தில் (eighth) டி ஒன்றுதான், ஃபிஃப்த்திலும் ட்வெல்ஃப்த்திலும் வி, இ இரண்டும் போய் எஃப் வரும். நைன்த்தில் கடைசி இ கிடையாது, ஆனால் நைன்டீன்த்தில் நைனுக்குரிய அந்த இ அப்படியே இருக்கும். பையனை இந்த இரண்டையும் எழுதச் சொல்லிப் பாருங்கள் அக்கா, எதில் தடுமாறுகிறான் என்று கீழே போடுங்கள்.