இன்லே ஏரியில் மிதக்கும் தோட்டங்கள்
(ரங்கூன் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். ஏரியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் தக்காளியில் தொடங்குகிறேன். ரங்கூன் கடைத்தெருவில் வாங்கி நாம் ரசம் வைக்கிற தக்காளியில் கணிசமான பங்கு ஷான் மாநிலத்து இன்லே ஏரியில், தண்ணீர்மேல் விளைந்தது.

மெய்யாகவே தண்ணீர்மேல்தான். ஏரியோரத்தில் புல்லும் பாசியும் மக்கிப் பின்னி மெத்தையாக மிதக்கும். ஏரியில் வாழும் இந்தா இன மக்கள் அதை நீளநீளமாக அறுத்து, படகால் இழுத்துவந்து, மூங்கில் கழி குத்தி நிறுத்துவார்கள். ஏரியடிச் சேற்றை வாரி மேலே போட்டால் பாத்தி தயார். தண்ணீர் ஏறினால் தோட்டமும் ஏறும். இறங்கினால் கூடவே இறங்கும்.

அவர்கள் ஒற்றைக் காலால் துடுப்பு வலிப்பதைப் படம் பிடிக்கத்தான் சுற்றுலாக்காரர்கள் ஓடுகிறார்கள். நாணல் அடர்ந்த ஏரியில் உட்கார்ந்தால் வழி தெரியாது. நின்றால் தெரியும், கைகள் இரண்டும் வலைக்கு மிஞ்சும். அவ்வளவுதான் சங்கதி.

மீனுக்கு வருவோம். கல்கத்தாவிலிருந்து வந்த விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் 1918இல் இந்த ஏரி மீன்களைப் பற்றி எழுதினார். இங்குள்ள கெண்டை ஒன்றுக்கு இந்தா மக்களின் பெயரையே சூட்டினார். செந்தலையும், செதிலில்லா நீல உடலுமாக ஒரு பொடிமீன் உண்டு; சாப்வா என்று ஷான் சிற்றரசர்களின் பட்டம் அதற்கு. இயற்கையில் அதற்கு இன்லேதான் வீடு. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட திலாப்பியாவும் இப்போது அதே தண்ணீரில்தான் இரை தேடுகிறது.

1935இல் சுமார் 69 சதுர கிலோமீட்டர் இருந்த திறந்த நீர்ப்பரப்பு, 2000இல் ஏறத்தாழ 47 ஆகிவிட்டது. மலையில் காடு அழிந்து வண்டல் இறங்குகிறது, ஆகாயத்தாமரை அடைக்கிறது. ஆனால் பெரும் காரணம் அந்தத் தோட்டங்களேதான். செடிக்கு அடிக்கும் மருந்துக்கும் போடும் உரத்துக்கும் வரப்பு கிடையாது, நேரே மீனிடம் போகின்றன. 2015இல் யுனெஸ்கோ இதை பர்மாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நல்லதுதான், பலகை நட்டால் மருந்து நின்றுவிடாது.

பழியை இந்தா மக்கள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. பூச்சி அரித்த ஒரு பழத்தைக் கண்டால் கூடையையே ஒதுக்குகிறவர்கள் யார்? நாம்தானே! விலையையும் அடித்துப் பேசுகிறோம். மருந்தைக் குறைக்க அவர்களுக்கு என்ன துணிச்சல் வரும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏரித் தண்ணீர் பலூ ஓடையாகத் தெற்கே இறங்கி லோப்பித்தா நீர்மின் நிலையத்தில் மின்சாரமாகிறது. 1960 முதல் அந்தக் கம்பி ரங்கூன் வரை வந்திருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்; மின்வெட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம்.