மாரத்தானுக்கு முன் ஒரு சிற்றூர் அரை மாரத்தான்

நேயர்களுக்கு வணக்கம். வருகிற ஜனவரியில் மும்பையிலோ சென்னையிலோ தம் முதல் மாரத்தானை ஓடவிருக்கும் சிலராவது இந்நேரம் வானொலியின் அருகில் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் பேசுகிறேன். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அதில் சரிபாதி, அதாவது 21.0975 கிலோமீட்டர், அரை மாரத்தான். முழு ஓட்டத்துக்கு ஐந்தாறு வாரங்களுக்கு முன்னால், இருநூறு முந்நூறு பேர் மட்டுமே கலந்துகொள்ளும் சிற்றூர்ப் பந்தயம் ஒன்றில் இந்த அரை மாரத்தானை ஓடிப் பார்ப்பது பற்றியே இன்றைய என் பேச்சு. நான் பயிற்சியாளன் அல்லன். ஐம்பதை நெருங்கும் வயதில், அலுவலகத்துக்குப் புறப்படும் முன் விடியற்காலையில் ஓடுகிற பலரில் ஒருவன். இந்தக் காரியத்தை ஓர் ஆண்டு தவறாகவும் மறு ஆண்டு ஓரளவு சரியாகவும் செய்தவன் என்பதே இங்கு வந்து பேச எனக்கிருக்கும் தகுதி.

நான் ஓடிய பந்தயம், மழை ஓய்ந்த டிசம்பரில், ஓர் ஏரிக்கரையைச் சுற்றி நடந்தது. ஒரு சுற்று பத்தரைக் கிலோமீட்டர்; அரை மாரத்தான் ஓடுபவர்கள் இரண்டு சுற்று வரவேண்டும். பெருநகர மாரத்தான்களில் புறப்படும் இடத்திலேயே ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்பார்கள். முன்னே ஓடுபவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே பத்துக் கிலோமீட்டர் போய்விடலாம், கூட்டமே நம்மை இழுத்துச் சென்றுவிடும். சிற்றூரில் அப்படி இல்லை. மூன்றாவது கிலோமீட்டரிலேயே வரிசை அறுந்துவிடுகிறது. பால் வண்டிகளும் நாய்களும் எதிரே வரும். கரையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "எதுக்குப்பா இந்த ஓட்டம்?" என்று என்னைக் கேட்டார், இன்றுவரை அதற்கு உருப்படியான பதில் என்னிடம் இல்லை.

முதல் சுற்று முடியும் இடத்தில் வளைவு நட்டிருந்தார்கள். ஒரு சுற்று மட்டும் ஓடியவர்களுக்கு அதுதான் முடிவு. அவர்கள் பதக்கத்தை அணிந்துகொண்டு, தொன்னையில் பொங்கலை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மணத்தைக் கடந்து, ஆளரவமற்ற ஏரிக்கரைக்குள் மறுபடியும் நுழைய வேண்டும். இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒரே ஒரு மஞ்சள் சட்டை மட்டும் தெரியும். மாரத்தானின் பிற்பாதியில் மனம் அனுபவிப்பது இந்தத் தனிமையைத்தான். எத்தனை ஆயிரம் பேர் உடன் ஓடினாலும் முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு ஒவ்வொருவரும் தனியே ஓடுகிறார்கள். வழக்கமான ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டத்தில் இதைப் பழக முடியாது, ஏனெனில் அங்கே நண்பர்கள் இருப்பார்கள், பேச்சு இருக்கும், சலித்தால் வீட்டுக்குத் திரும்பிவிடவும் செய்யலாம். சிறிய பந்தயத்தை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இந்த இரண்டாம் சுற்றுதான்.

இப்போது என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மும்பை மாரத்தானை 4 மணி 15 நிமிடத்தில் முடிப்பது அந்த ஆண்டு என் இலக்கு. அதற்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 நிமிடம் 3 விநாடி வேகம் வேண்டும். ஏரிக்கரையில் அதே வேகத்தைப் பழகிப் பார்ப்பதாகத்தான் திட்டம். ஆனால் துப்பாக்கி வெடித்ததும் திட்டம் மறந்துபோயிற்று. முதல் ஐந்து கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடி வேகத்தில் ஓடினேன். எஞ்சியதை ஏறத்தாழ 6 நிமிடம் 10 விநாடி வேகத்தில் இழுத்துப் பறித்து, 2 மணி 7 நிமிடத்தில் முடித்தேன். ஓட்டப் பயிற்சியாக இருக்க வேண்டியது போட்டியாகிவிட்டது. அதற்கு அடுத்த பத்து நாட்கள் தொடைத்தசை வலியோடு நடந்தேன். மாரத்தானுக்கு மிக முக்கியமான இரண்டு வாரப் பயிற்சி அதில் வீணாயிற்று.

அந்த 2 மணி 7 நிமிடத்தை வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கும் தவறிப்போனது. அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977-இல் வெளியிட்ட ஒரு சூத்திரம் ஓட்டக்காரர்களிடையே இன்றும் வழங்குகிறது: தூரம் இரட்டிப்பாகும்போது நேரம் இரண்டு மடங்காவதில்லை, ஏறத்தாழ 2.085 மடங்காகிறது. அதன்படி எனக்கு மும்பையில் 4 மணி 25 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். ஆனது 4 மணி 38 நிமிடம். பந்தயத்தின் கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் வரும் பெத்தார் சாலை மேட்டை நான் நடந்துதான் ஏறினேன். சூத்திரத்தின் மேல் குறையில்லை. வாரத்துக்குப் போதிய தூரம் ஓடிப் பழகிய கால்களுக்கு அது பொருந்தும். என்னைப்போல் வாரம் முப்பத்தைந்து கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு அது சற்றுத் தாராளமாகவே நம்பிக்கை தந்துவிடும்.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. தசைகளிலும் கல்லீரலிலுமாகச் சேர்த்து நம் உடல் சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 2,000 கலோரி. எடையில் ஒரு கிலோவுக்கு, தூரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி செலவாகும் என்பது ஓட்டக்காரர்களின் கைக்கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவர் அரை மாரத்தானில் 1,270 கலோரி அளவில் செலவிடுவார், முழு மாரத்தானில் 2,500-ஐத் தாண்டுவார். அந்தச் செலவில் ஒரு பங்கைக் கொழுப்பு ஏற்றுக்கொள்கிறது என்றாலும், வேகம் கூடக்கூடக் கொழுப்பின் பங்கு குறைந்து மாச்சத்தின் பங்கு ஏறுகிறது. ஆகவே அரை மாரத்தானில் சேமிப்பு பொதுவாக அடிமட்டத்தைத் தொடுவதில்லை; முழு மாரத்தானிலோ முப்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக, சுவரில் மோதியதுபோல் கால்கள் நின்றுவிடுகின்றன. அரை மாரத்தானை எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்தச் சுவரை நாம் பார்த்திருக்க மாட்டோம். அதனால்தான் அதன் நேரத்தைத் தேர்வு மதிப்பெண்ணாகக் கருதாமல், அந்த ஓட்டத்தை நாடகத்துக்கு முந்தைய ஒத்திகையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

ஒத்திகை என்றால் எல்லாவற்றுக்கும் ஒத்திகை. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து என்ன சாப்பிடுவது? என் வயிற்றுக்கு இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் ஒத்துக்கொள்கின்றன. சட்னி ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஏழாவது கிலோமீட்டரில் அறிந்துகொண்டேன். மாரத்தானில் அணியப்போகும் காலணியும் காலுறையும் சட்டையும் இங்கேயே ஈரத்தில் ஊறிப் பார்த்துவிடட்டும். வீட்டில் மென்மையாகத் தோன்றும் சட்டை, வியர்வையில் நனைந்து இரண்டு மணி நேரம் உரசினால் அக்குளைப் புண்ணாக்கிவிடும், அங்கெல்லாம் வாஸ்லைன் தடவ வேண்டும். மழைக்குப் பிந்தைய நம்மூர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை வழிகிறதே தவிர ஆவியாகி உடலைக் குளிர்விப்பதில்லை, அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தண்ணீர் பற்றி ஒரு செய்தி. முதல் ஆண்டு, பதினான்காவது கிலோமீட்டரில் இருந்த மேசையில் வெறும் காகிதக் குவளைகள்தாம் கிடந்தன. முதல் சுற்றில் வந்தவர்களே எல்லாத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்திருந்தார்கள். கையிலிருந்த ஜெல்லை, அதாவது ஓட்டக்காரர்கள் உண்ணும் மாச்சத்துக் கூழை, தண்ணீரில்லாமல் விழுங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டே மீதத்தை ஓடினேன். சிறிய பந்தயங்களில் இது நடக்கக் கூடியதுதான். இடுப்பில் ஒரு குப்பி இருந்தால் கவலையில்லை. மறுபக்கம், பயந்துபோய் ஒவ்வொரு மேசையிலும் வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் என்னும் உப்புச்சத்து இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களே அவர்களில் மிகுதி. தாகம் எடுத்தால் குடிப்பது, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை இடையிடையே சேர்த்துக்கொள்வது என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாம் ஆண்டு அதே ஏரிக்கரையில் முதல் ஆறு கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று வேண்டுமென்றே மெதுவாக ஓடினேன். சென்ற ஆண்டு எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் பயிற்சியிலேயே கடினமான பகுதி. அடுத்த பன்னிரண்டு கிலோமீட்டர், மாரத்தானுக்கு வைத்திருந்த அதே 6 நிமிடம் 3 விநாடி. கடைசி மூன்று கிலோமீட்டரை உடல் கேட்டபடி விரைவாக விட்டேன். 2 மணி 9 நிமிடம் ஆயிற்று, முந்தைய ஆண்டைவிட இரண்டு நிமிடம் தாமதம். ஆனால் செவ்வாய்க்கிழமையே மறுபடியும் மெல்லோட்டம் ஓட முடிந்தது. அந்த ஜனவரியில் மும்பையை 4 மணி 17 நிமிடத்தில் முடித்தேன், பெத்தார் சாலை மேட்டையும் ஓடியே ஏறினேன். இன்னும் தேர்ந்தவர்கள், பந்தயத்துக்கு முன் நாலைந்து கிலோமீட்டரும் முடித்தபின் நாலைந்து கிலோமீட்டரும் மெல்ல ஓடி, அன்றைய மொத்தத்தை முப்பதாக்கிக் கொள்கிறார்கள். வளைவைக் கடந்து பதக்கம் வாங்கியபின் மறுபடி ஓடக் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வருமானால் செய்யுங்கள்.

மாரத்தானுக்கு மூன்று வாரம்கூட மீதமில்லாத நிலையில் அரை மாரத்தான் ஓடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்போது தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தர வேண்டிய காலம் தொடங்கியிருக்கும். பந்தயம் முடிந்த அன்று மாலையே, என்ன சாப்பிட்டோம், எந்தக் கிலோமீட்டரில் என்ன தோன்றியது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது, ஏனெனில் ஐந்து வாரத்தில் பாதி மறந்துவிடும். என் குறிப்பேட்டில் முதல் ஆண்டுப் பக்கத்தில் மூன்று வரிகள்தாம் இருக்கின்றன: சட்னி வேண்டாம், குப்பி எடுத்துச் செல்க, முதல் ஐந்து கிலோமீட்டர், மெதுவாக. மூன்றாவது வரியின் கீழே இரண்டு முறை கோடிட்டிருக்கிறேன்.

வணக்கம்.