சிங்க் வேறு, பேக்கப் வேறு

நேயர்களுக்கு வணக்கம். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ். இவற்றில் ஒன்றில் வேலை ஃபோல்டரை அப்படியே போட்டுவிட்டால் கவலை விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். விடவில்லை. கணினியில் இருப்பதையும் இணையத்தில் இருப்பதையும் எப்போதும் ஒரே மாதிரி வைப்பது சிங்க்; தொலைந்தால் எடுத்துக்கொள்ளத் தனியாக வைக்கும் நகல் பேக்கப். சிங்க் வேறு, பேக்கப் வேறு.

இங்கே ஒரு ஃபைலை அழித்தால் சிங்க் அங்கேயும் அழிக்கும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் கிடக்கும். இரண்டு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. நாம் ஒரே ஃபைல் என்று நினைப்பது பல நேரம் ஒரே ஃபைலாக இருப்பதில்லை. புகைப்படங்களைத் திருத்தும் லைட்ரூம் நிரலின் கேட்டலாகை, அதாவது படங்களின் விவரப் பட்டியலை, எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளுக்குள் அது எஸ்க்யூலைட் என்ற வகை டேட்டாபேஸ். திறந்து வேலை செய்யும்போது பக்கத்திலேயே ஒரு துணை ஃபைல் முளைக்கும். பாதி விவரம் இதில், பாதி அதில். சிங்க் நிரலுக்கு இந்த உறவு தெரியாது. முதன்மை ஃபைலை இப்போது ஏற்றும், துணை ஃபைலை அரை நிமிடம் கழித்து ஏற்றும். அடுத்த கணினியில் இறங்குவது வேறு வேறு நேரத்து இரண்டு துண்டுகள். திறந்தால் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று வரும். எல்லா நாளும் வராது, அதனால்தான் ஆபத்து.

நிரல் எழுதுபவர்கள் தங்கள் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் ‘கிட்’ (Git) என்ற மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை. ஒரு கமிட் போட்டால், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்தால், மறைவான டாட் கிட் ஃபோல்டருக்குள் பல ஃபைல்கள் மாறுகின்றன. இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் மாறினால், டிராப்பாக்ஸ் எது சரி என்று பார்க்காது; ‘கான்ஃப்ளிக்டட் காப்பி’ என்று பெயரிட்டு இரண்டையும் வைத்துவிடும். பிராஞ்ச் (வேலையின் கிளை) பெயர்கள் இருக்கிற இடத்தில் அப்படி ஒன்று புகுந்தால் கிட் குழம்பிப்போகும். கிட்டுக்கு மாற்றங்களை அனுப்ப புஷ், வாங்க புல் இருக்கும்போது சிங்க் ஃபோல்டர் எதற்கு?

மறுபடியும் சொல்கிறேன், ஒரு நிரல் திறந்து வைத்து விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிற எதையும் சிங்க் ஃபோல்டரில் வைக்காதீர்கள். வேர்டு, எக்செல், பிடிஎஃப் தாராளமாக இருக்கட்டும். வீடியோ எடிட்டிங் கேஷ் (எடிட்டிங் நிரல் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் ஃபைல்கள்) வேண்டவே வேண்டாம். 20 ஜிபியை வினாடிக்கு 10 மெகாபிட் அப்லோடில் ஏற்ற ஏறத்தாழ நாலரை மணி நேரம். எதற்கு? அழித்தாலும் தானே மறுபடி உருவாகிற குப்பைக்கு.

“நான் டெஸ்க்டாப்பில்தானே வைத்திருக்கிறேன்” என்பார்கள். விண்டோஸில் டெஸ்க்டாப்பே ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். ஃபைலை வலது சொடுக்கி, ப்ராப்பர்டீஸில் இருப்பிடத்தைப் படியுங்கள். ஒன்டிரைவ் என்ற பெயர் வருகிறதா என்று தெரிந்துவிடும். ஃபைல் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது உங்கள் வட்டிலேயே இல்லை. நெட் இல்லாத இடத்தில் திறக்காது.

சரி, என்ன செய்யலாம்? சிங்க் தொடாத ஒரு லோக்கல் ஃபோல்டரில் வேலை செய்யுங்கள். வேலை முடிந்ததும் நிரலை மூடுங்கள். மூடிய பிறகுதான், தேதி போட்டு ஜிப் செய்து, அந்த ஜிப்பை மட்டும் கிளவுட் ஃபோல்டரில் போடுங்கள்.

வெளி ஹார்டு டிஸ்க் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடியப்போகிறது. இரண்டே வார்த்தை: வாரம் ஒருமுறை அதில் ஒரு நகல் எடுத்து, கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை பழைய ஜிப் ஒன்றை வேறு ஃபோல்டரில் விரித்து, திறக்கிறதா என்று பாருங்கள். வணக்கம்.