மீன் வறுவலும் அஞ்சலியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். நேரம் குறைவு, எதிரணி செய்துவிட்டுப் போன சேதாரம் அதிகம்.

தலைப்பு: துயரம் நடந்த இடங்களுக்கு மக்கள் போவது வேடிக்கை பார்க்கவா, அஞ்சலி செலுத்தவா? அஞ்சலிக்கே என்பது எங்கள் அணி. அதற்கு எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "தனுஷ்கோடிக்குப் போகிறவன் மீன் வறுவலுக்குத்தான் போகிறான். அஞ்சலி என்ன எண்ணெய்ச் சட்டியிலா இருக்கிறது?" என்றார். கை தட்டினீர்கள். நானும் தட்டப் பார்த்தேன், பக்கத்தில் எங்கள் அணித் தலைவர் முறைத்தார்.

அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருக்கிறீர்களா? பந்தியில் உட்காராமல் வந்ததுண்டா? "ரசம் இந்தப் பக்கம்" என்று கூப்பிட்டதில்லையா? வடை இன்னொன்று வாங்கியதில்லையா? சரி, அதனால் உங்களைத் துக்கம் கேட்க வந்தவர் இல்லை என்று எழுதிவிடலாமா? சாவு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் நம் ஊரில் மரியாதை. சாப்பிடாமல் போனால்தான் பேச்சு வரும்!

சாலை போட்டதால் கூட்டம் கூடிவிட்டது என்றும் சொன்னார். உண்மைதான். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அப்புறம் மணலில் குலுங்கும் வேன்தான், இடுப்பு கழன்றுவிடும். 2017இல் தனுஷ்கோடியைத் தாண்டி, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை வந்தது. கூட்டம் வந்தது, கடைகள் பெருகின. அந்தமான் செல்லுலார் சிறையில் டிக்கெட் போட்டு ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது. ஹிரோஷிமாவில் 1955 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. வழியும் வசதியும் இருந்தால்தானே வயதானவர்கள் போக முடியும்?

வயதானவர் என்றதும் என் மாமா. ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளம் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ராமேஸ்வரம் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, பாவமெல்லாம் போய் வெளியே வந்தால் செருப்பும் போயிருந்தது! "என் பாவத்தைப் போட்டுக்கிட்டு எவனோ நடக்கிறான்டா" என்று சொல்லிவிட்டு, பேரம் பேசிப் புதுசு வாங்கினார். வண்டியில் ஏறியதிலிருந்து ஒரே கேள்வி: "மீன் கடை வந்துருச்சா?" சாலையோரம் ஒரு மாடு நின்றது. "கடை வந்துருச்சா?" கடல் தெரிந்தது. "கடை?" அண்ணன் சொன்ன ஆள் என் மாமாவேதான், ஒப்புக்கொள்கிறேன்.

கடை வந்தது. இரண்டு மீன் சாப்பிட்டார், மூன்றாவதுக்குச் சொன்னார். அது வறுபடும் வரை சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று இடிந்த ரயில் நிலையத்துப் பக்கம் போனோம்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. 653ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். புயலில் சிக்னல் விழவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விசில் கொடுத்து வண்டியை நகர்த்தினார் என்பார்கள். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கடல் ஏறி வந்து வண்டியோடு கொண்டுபோனது. ஊரும் போனது. கொழும்புக்குப் போகிறவர்கள் போட் மெயிலில் வந்து இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய ஊர் நடுவர் அவர்களே, வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே அறிவித்தது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போகிறேன், பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். மாமா குனிந்து, மணலைக் காலால் தள்ளித் தண்டவாளம் தேடிக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம்தான்டா லைன் போயிருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அந்தப் புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உச்சி வெயில், மணல் கொதிக்கிறது. சாலை வரை வெறுங்காலோடு நடந்தார். கடைக்காரம்மா மூன்றாவது மீனை நீட்டியபோது காசை மட்டும் கொடுத்தார்.

"ஏன் மாமா செருப்பைக் கழட்டினீங்க?" என்று கேட்டேன்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "புதுச் செருப்புல்ல, கடிக்குதுடா" என்றார்.

வணக்கம்.