ஹாட்ஸ்பாட் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்

வணக்கம். புகைமூட்டம் என்றால் என்ன என்று சிங்கப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2013 ஜூன் 21 நண்பகலில் காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ, மூன்று மணி நேரக் கணக்கில் 401 வரை போனதே, அந்த வாரம் உங்களில் பலருக்கு நன்றாகவே நினைவிருக்கும். எரிந்தது இந்தோனேசியாவில் சுமத்ராவின் ரியாவ் பகுதி. காற்று அந்தப் புகையை நீரிணை தாண்டிக் கொண்டுவந்து நம் வாசலில் கொட்டியது.

ஒவ்வொரு முறையும் செய்தியில் முதலில் வருவது ஹாட்ஸ்பாட் எண்ணிக்கைதான், அதாவது தீ எரியலாம் என்று செயற்கைக்கோள் காட்டும் சூடான இடங்களின் எண்ணிக்கை. இன்று குறைந்துவிட்டது என்றதும் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறோம். எனக்கு அந்த நிம்மதி பயமாக இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். செயற்கைக்கோளில் இருக்கும் மோடிஸ், விர்ஸ் போன்ற கருவிகள் அகச்சிவப்புக் கதிரில் தரையின் சூட்டைப் பார்க்கின்றன. மோடிஸில் ஒரு புள்ளி சுமார் 1 கிலோமீட்டர், விர்ஸில் 375 மீட்டர். இவற்றைச் சுமக்கும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் ஓர் இடத்துக்கு மேலே பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்ற கணக்கில்தான் வரும், அந்த நேரம் பார்த்து மேகம் மூடியிருந்தால் கீழே எரிகிற தீ கணக்கில் சேராது. அதைவிடப் பெரிய சிக்கல் மண்ணிலேயே இருக்கிறது. சுமத்ராவிலும், போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானிலும் பல இடங்களில் எரிவது பீட் நிலம், அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கியும் மட்காமலும் சேர்ந்த தாவரக் குப்பை. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அது காய்ந்து, தீப்பிடித்தால் உமி மூட்டம் மாதிரி உள்ளுக்குள்ளேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சூடு குறைவு, புகையோ மிக அதிகம். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் இருக்காது, நமக்கு மட்டும் கண் எரியும்.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? புகையையே பாருங்கள். 2015 ஜூலையில் பணிக்கு வந்த ஜப்பானின் ஹிமாவாரி-8, 2022 டிசம்பரில் அதன் இடத்துக்கு வந்த ஹிமாவாரி-9, இந்த இரண்டு செயற்கைக்கோள்களும் பூமியின் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி நின்று 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுப்பவை. அந்தப் படங்களை வரிசையாக ஓட்டினால் புகை எங்கே கிளம்பி எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது புகை பளிச்சென்று தெரியும், உச்சி வெயிலில் மங்கிவிடும், அதனால் மதியப் படத்தை வைத்துப் புகை கலைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொன்று. மேலிருந்து எடுத்த படத்தில் புகையின் உயரம் தெரியாது. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகிற புகையும், நாம் சுவாசிக்கிற புகையும் அதில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். கலிப்சோ செயற்கைக்கோள் லேசர் ஒளியை அனுப்பி 2006 முதல் 2023 வரை இந்த உயரத்தை அளந்தது, ஆனால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே. ஆகவே தரையில் இருக்கும் அளவீட்டுக் கருவிதான் கடைசித் தீர்ப்பு: பிள்ளைகளை விளையாட அனுப்பலாமா என்பதை பிஎஸ்ஐயையும் பிஎம் 2.5 எனும் நுண்துகள் அளவையும் பார்த்து முடிவு செய்யுங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் செயற்கைக்கோள் படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து தேதியையும் நேரத்தையும் வெட்டிவிடாதீர்கள். மூலையில் போட்டிருப்பது பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரம், நம் சிங்கப்பூர் நேரத்துக்கு 8 மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.